கோபுரம் சாயாமல் ஒரு படம்: கட்டடங்களை எடுப்பதும் திருத்துவதும்

திருச்சியில் புதிதாகக் கேமரா வாங்குகிறவர் முதலில் போய் நிற்கிற இடம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அடுத்தது மலைக்கோட்டை. கற்றுக்கொள்வதற்கு இந்த இரண்டும் ஏற்ற இடங்கள் அல்ல என்பது என் உறுதியான கருத்து. 13 நிலை, 236 அடி உயரம் கொண்ட கோபுரத்தை எப்படி எடுத்தாலும் பார்ப்பவர்கள் வாய்பிளப்பார்கள். பாராட்டு கோபுரத்துக்குப் போகிறது. எடுத்தவர் அதைத் தனக்கானது என்று எண்ணிக்கொள்கிறார். சட்டகம் சரியில்லை என்று சொல்ல ஆளே இருக்காது.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கு நம் பயிற்சிக்கூடம் திருவெறும்பூர். தஞ்சாவூர் சாலையில் போகும் பேருந்தில் ஏறி, மலைக்கோயில் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். சுமார் 60 அடி உயரப் பாறைக்குன்றின் மேல் எறும்பீஸ்வரர் கோயில் இருக்கிறது. தேவர்கள் எறும்பு வடிவெடுத்து இறைவனை வழிபட்டார்கள் என்கிறது தலபுராணம். அப்பர் பாடிய தலம், முற்காலச் சோழர் கட்டுமானம், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிக்காக மோதியபோது இந்தக் குன்று படைகள் தங்கிய காவல் இடமாகவும் இருந்தது. இத்தனை வரலாறு இருந்தும் கோயில் சிறியது. ஒரே காலைக்குள் நான்கு பக்கமும் சுற்றி வந்துவிடலாம். படிகளும் மலைக்கோட்டையின் 417 படிகளைப் போல மூச்சு வாங்க வைக்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சிறிய கட்டடம் உங்கள் தவறுகளை மறைக்காது.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். கட்டடப் படத்தின் தரம் நீங்கள் நிற்கும் இடத்திலும் வெயில் விழும் திசையிலும் முடிவாகிவிடுகிறது. திருத்தம் என்பது அந்த முடிவைத் துலக்குவதற்கு மட்டும்.

எங்கே நிற்பது

தொடக்கக்காரர் எடுத்த கோபுரப் படங்களைப் பத்துப் பேரிடம் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கோபுரம் பின்னால் மல்லாந்து விழுவதுபோல இருக்கும். அடியில் அகன்று, மேலே போகப்போகக் குறுகி, இரு பக்கக் கட்டடங்களும் உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். காரணம் எளிது. அருகில் போய் நின்று, உச்சி தெரியவில்லை என்று போனை அண்ணாந்து பிடித்திருக்கிறார்கள். கேமராவின் முகம் சுவருக்கு இணையாக இருக்கும்வரை சுவரின் செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே விழும். முகம் மேல்நோக்கிச் சாய்ந்த கணத்திலிருந்து அவை ஒன்றையொன்று நெருங்கத் தொடங்கும். லென்ஸின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இன்றைய போன்களின் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 முதல் 26 மில்லிமீட்டர் அளவுக்கு ஈடான கோணத்தைப் பார்க்கிறது. போனை நெட்டுவாக்கில், துளியும் சாய்க்காமல் பிடித்தால், உங்கள் கண்மட்டத்துக்கு மேலே கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் ஒன்றரை மடங்கு தூரத்தில் அதன் உச்சி சட்டகத்துக்குள் வந்துவிடும். ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர். தெற்கே சாலையில் 105 மீட்டர், அதாவது சாதாரண நடையில் 140 அடிவைப்பு பின்னால் வந்துவிட்டால் போனை அண்ணாந்து பிடிக்கவே தேவையில்லை. சட்டகத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சாலையாக இருக்கும். இருக்கட்டும், பிறகு வெட்டிவிடலாம். அகலக்கோண லென்ஸ் இருந்தால் அந்தத் தூரத்தில் பாதி போதும். ஆனால் ஓரத்தில் நிற்கும் ஆட்களும் தூண்களும் இழுபட்டுத் தெரிவார்கள்.

பின்னால் போக இடமில்லாதபோது உயரத்துக்குப் போங்கள். எதிர் வீட்டு மாடி, கடையின் முதல் தளம், படிக்கட்டின் நடுத்திட்டு என எதுவானாலும் சரி, கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏறிவிட்டால் சாய்க்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். "அண்ணே, ஒரே ஒரு போட்டோ, மாடியிலிருந்து எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் திருச்சியில் பெரும்பாலும் மறுப்பு வராது.

திருவெறும்பூரில் இந்தப் பயிற்சியைக் குன்றின் கீழிருந்து தொடங்குங்கள். முதலில் அடிவாரத்தை ஒட்டி நின்று அகலக்கோணத்தில் ஒன்று எடுங்கள். பாறை சட்டகத்தை அடைத்துக்கொள்ளும், கோயில் மேலே சிறு புள்ளியாக ஒதுங்கிவிடும். பிறகு சாலையைத் தாண்டி, குன்று முழுவதும் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குப் போய், இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூமில் எடுங்கள். கோயில் தன் அளவுக்கு எழுந்து நிற்கும். பாறைக்கும் அதற்கும் உள்ள விகிதம் கண்ணால் பார்த்ததைப் போலவே வரும். கேமராவை மாற்றவில்லை, கால்கள்தான் நகர்ந்தன. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அருகில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும் அளவைத் தீர்மானிப்பது நீங்கள் நின்ற தூரம்தான் என்பது விளங்கிவிடும். ஜூம் செய்வது வெட்டுவதற்குச் சமம். நடப்பது உறவையே மாற்றும்.

குன்றின் மேல் உள்ள கட்டடத்துக்குப் பாறைதான் அடித்தளம். அதைப் பாதியில் வெட்டினால் கோயில் காற்றில் மிதக்கும். மலைக்கோட்டைக்கும் இதே விதிதான்: உச்சிப் பிள்ளையாரை மட்டும் ஜூம் செய்து எடுத்த படம் எந்த ஊரின் கோயிலாகவும் இருக்கலாம். 83 மீட்டர் பாறையும் சேர்ந்து வந்தால்தான் அது திருச்சி. மலைக்கோட்டை அடிவாரத்தில் உள்ள தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் மாலையில் நின்றால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பாறையின் மேல் விழும், குளத்தில் தண்ணீர் இருந்தால் பிரதிபலிப்பும் கிடைக்கும். அப்போது பாறையையும் பிம்பத்தையும் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். இரண்டில் எது உங்களை நிற்க வைத்ததோ அதற்குக் கூடுதல் இடம் கொடுங்கள்.

கட்டடத்தை வாசிப்பது

நம் சிற்ப நூல்கள் விமானத்துக்கு ஆறு அங்கங்கள் சொல்கின்றன: அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. தாங்குதளம், சுவர், கூரைப் பகுதி, கழுத்து, தலை, கலசம் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். இந்த ஆறையும் ஒருமுறை விரலால் சுட்டிக்காட்டிப் பழகியவருக்கு எங்கே வெட்டுவது என்ற சந்தேகம் வராது. ஓர் அங்கம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வெட்டலாம்; ஓர் அங்கத்தின் நடுவில் வெட்டக் கூடாது. மனித உருவத்தை முழங்காலில் வெட்டாதே என்று சொல்வார்கள் அல்லவா, அதே நியாயம்தான் இங்கும். தாங்குதளத்தை மட்டும் எடுப்பதானால் தரையிலிருந்து மேல்விளிம்பான பட்டிகை வரை முழுதாக வரட்டும். நடுவில் உருண்டு வரும் குமுதத்தில் வெட்டிவிட்டால் சுவர் எதன் மேல் நிற்கிறது என்பதே தெரியாமல் போகும்.

முற்காலச் சோழர் கோயில்களில் சுவரின் அழகு வெறும் பரப்பில்தான் இருக்கிறது. தெய்வ உருவம் நிற்கும் மாடமான ஒரு கோட்டம், இரு பக்கமும் அரைத்தூண்கள், பிறகு வெறும் கல். பிற்கால மண்டபங்களைப் போல ஒவ்வோர் அங்குலமும் சிற்பத்தால் நிரம்பியிருக்காது. புதிதாக எடுக்கிறவர்கள் கோட்டத்துத் தெய்வத்தை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்த வெறும் கல் பரப்பைச் சேர்த்து எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கட்டியவர் அந்த மௌனத்தை அளந்து வைத்திருக்கிறார். கோட்டத்தின் அகலம் எவ்வளவோ அதே அளவு வெற்றிடம் இரு பக்கமும் இருக்கும்படி முதலில் ஒன்று எடுத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான பாடம் ஸ்ரீரங்கத்தின் சேஷராயர் மண்டபம். முன்கால் தூக்கிய குதிரைகள் வரிசையாகப் பாயும் தூண்கள். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்த்தால் கூச்சல்தான் மிஞ்சும். வரிசையின் ஓரத்தில் நின்று, முதல் குதிரையைக் கூர்மையாக வைத்து, மற்றவை அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துப் போகும்படி எடுப்பது ஒரு வழி. ஒரு குதிரை, ஒரு வீரன், வெறும் பின்னணி என்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

சமச்சீர் முகப்புகளுக்கு இடைப்பட்ட நிலையே கிடையாது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லூர்து அன்னை ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோதிக் பாணிக் கட்டடம். அதன் நடுக் கோபுர ஊசி வாசலின் நேர்மேலே நிற்கிறது. நீங்கள் ஓரடி இடப்பக்கம் விலகினாலும் படத்தில் அது தெரியும். வாசலின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து அதில் நில்லுங்கள். போனில் கட்டக் கோடுகளை இயக்கிவைத்து, இரு பக்கச் சன்னல்களும் நடுவிலிருந்து சம தூரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். நடுவில் நிற்க முடியவில்லை, வண்டிகள் போகின்றன என்றால், பாதி விலகி நிற்பதைவிடத் துணிந்து மூலைக்குப் போய், முகப்பும் பக்கச் சுவரும் சேர்ந்து தெரியும்படி எடுங்கள். கட்டடத்துக்குக் கனம் வருவது மூலையிலிருந்து பார்க்கும்போதுதான்.

வெயிலின் திசை

"காலையிலும் மாலையிலும் எடுங்கள்" என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும். அது பாதி உண்மை. எந்த மாதத்தில், எந்தச் சுவரை என்பதுதான் மீதிப் பாதி.

திருச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 10.8 பாகையில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வருகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நாள் முழுவதும் அது வடக்குப் பக்கமாகவே நகர்கிறது. தெற்கு நோக்கிய செங்குத்துச் சுவரில் நேர் வெயிலே விழாது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை நிலைமை தலைகீழ். அப்போது வடக்குச் சுவர் நாள் முழுவதும் நிழல். இவற்றுக்கு நடுவில் வரும் சில வாரங்களில் வடக்குச் சுவருக்குக் காலை மாலை மட்டும் கொஞ்சம் வெயில் கிடைக்கும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றுங்கள். கிழக்கு நோக்கிய சிவன் கோயில்களில் தெற்குக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி, வடக்கில் பிரம்மா என்பது பொதுவான அமைப்பு. மார்கழிக் காலையில் சூரியன் கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளி எழுகிறது. அதன் ஒளி தெற்குச் சுவரை நேராகத் தாக்காமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். அந்த உரசலில்தான் சிற்பத்தின் விரலும் ஆடை மடிப்பும் எழும்பி வருகின்றன. அதே உருவத்தை ஜூனில் எடுத்தால் மந்தமான நிழல் ஒளிதான் கிடைக்கும். வடக்குச் சுவருக்கு ஆனி மாதக் காலை இதே சேவையைச் செய்கிறது. ஆக, ஒரு கோயிலை முழுதாக எடுத்து முடிக்க ஓராண்டு வேண்டும். இதில் வருத்தப்பட எதுவுமில்லை. பக்கத்து ஊர்க் கோயிலை எடுப்பவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. சுற்றுலாப் பயணி அடுத்த நாள் ஊருக்குப் போய்விடுவார்.

ஒன்றைக் கவனியுங்கள்: திருச்சுற்று மதில் உயரமாக இருந்தால் அதிகாலை வெயில் மதிலைத் தாண்டிச் சுவரின் மேற்பகுதியை மட்டுமே தொடும். அரைமணி நேரம் பொறுத்தால் வெளிச்சம் கோட்டம் வரை இறங்கும்.

ராஜகோபுரம் தெற்கு நோக்கியது. மார்கழி, தை மாதங்களில் காலையிலிருந்து மாலை வரை அதன் முகத்தில் வெயில் இருக்கும். மே, ஜூனில் அதே முகம் ஒளி இழந்து, பின்னால் வானம் வெளிறிப் போய்விடும். கோடை விடுமுறையில் வந்து எடுத்த படங்கள் ஏன் சப்பென்று இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கோயிலின் கிழக்கே உள்ள வெள்ளைக் கோபுரத்துக்குக் காலை நேரம். வெண்மையான பரப்பைக் கேமரா தானாக அளந்தால் சாம்பல் பூசினாற்போல இருட்டாக்கிவிடும். வெள்ளையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளி அளவைப் பூட்டிக்கொண்டு, பிறகு சற்றே கூட்டுங்கள். விளிம்புகள் வெளுத்து விவரம் மறையும் முன் நிறுத்திவிட வேண்டும்.

கல்வெட்டு எடுக்கவும் உரசும் ஒளிதான். திருவெறும்பூர்ச் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. நேர் ஒளியில் எழுத்துகள் கல்லோடு கல்லாகக் கரைந்துபோகும். நீளமான கல்வெட்டை ஒரே படத்தில் அடக்கக் கூடாது. சுவருக்கு இணையாக, ஒரே தூரத்தில், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வரும்படி எடுத்துச் சேர்க்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து உடம்பைத் திருப்பி எடுத்தால் வரிகள் வளைந்துவிடும்.

இந்த முறை நம் மண்ணில் புதிதல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1857 கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் தாங்குதளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். மெழுகுத்தாள் நெகட்டிவ், கனத்த பெட்டிக் கேமரா, மாட்டுவண்டிக் காலம். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனால் அதே வேலையை ஒரு மணி நேரத்தில் செய்யலாம். திருச்சியைப் பற்றிய அவருடைய தொகுப்பு 1858ல் வெளிவந்தது. இன்று இணையத்தில் அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். செங்குத்துக் கோடுகள் எவ்வளவு ஒழுக்கமாக நிற்கின்றன என்பதை அளவுகோல் வைத்தே பார்க்கலாம்.

கேட்டுவிட்டு எடுப்பது

தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கோயிலுக்குக் கோயில் நடைமுறை வேறுபடும். வாசலில் இருப்பவரிடம், "ஐயா, வெளிப்பிராகாரத்துல கட்டடத்தை மட்டும் எடுக்கலாமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடாது என்றால் கூடாது. குன்றின் கீழிருந்தும் சாலையிலிருந்தும் எடுக்க எவ்வளவோ இருக்கிறது. கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். தொல்லியல் துறைச் சின்னங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி தேவை. திருவெறும்பூர்ப் பகுதியில் துப்பாக்கித் தொழிற்சாலை, பெல் போன்ற வளாகங்கள் இருக்கின்றன. அவற்றின் வாசலையும் மதிலையும் எடுக்க முயலாதீர்கள். விமான நிலையமும் அருகில் என்பதால் டிரோன் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

திருத்தம்

வீட்டுக்கு வந்ததும் திருத்தத் தொடங்காதீர்கள். முதலில் தேர்ந்தெடுங்கள். ஒரே கோணத்தில் எடுத்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனிக் கோப்புறைக்கு மாற்றுங்கள். திருத்தத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று தோன்றுகிற படத்தைவிட, திருத்தாமலே பாதி சரியாக இருக்கும் படம்தான் தேர்வாக வேண்டும்.

நேராக்குவது முதல் வேலை. ஆனால் கோபுரத்தில் இது பலரை ஏமாற்றிவிடுகிறது. கோபுரம் கட்டப்பட்டதே மேலே குறுகும்படி. அதன் விளிம்புகளைப் பார்த்து, சாய்ந்திருக்கின்றன என்று நினைத்துச் செங்குத்தாக்கினால் அது கோபுரமாக இருக்காது, பெட்டியாகிவிடும். செங்குத்தாக இருக்க வேண்டியவை வேறு: வாசலின் நிலைக்கால்கள், அடியில் உள்ள கல்தளத்தின் அரைத்தூண்கள், பக்கத்து வீட்டுச் சுவர், விளக்குக் கம்பம். நேர் எதிரே நின்று எடுத்திருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. கலச வரிசை படுக்கைவாட்டில் மட்டமாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து கீழே இழுக்கும் கோடு வாசலின் மையத்தில் விழ வேண்டும். இந்த இரண்டும் ஒத்துவந்தால் விளிம்புகள் தம் இயல்பான சரிவில் தாமே அமைந்துவிடும். தேவாலயத்தின் ஊசிக் கோபுரத்துக்கும் இதே சோதனைதான்.

ஸ்னாப்சீட் செயலியில் 'பெர்ஸ்பெக்டிவ்' என்ற கருவி இதற்கு உண்டு, லைட்ரூமில் 'ஜியாமெட்ரி', கணினியில் இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளிலும் இருக்கிறது. ஸ்னாப்சீட்டில் ஓர் எச்சரிக்கை. கோணத்தை மாற்றும்போது ஓரங்களில் காலியாகும் இடத்தை அதன் 'ஸ்மார்ட்' தேர்வு தானாகவே நிரப்பும். இல்லாத சுவரையும் இல்லாத தூணையும் ஒட்டிவைத்துவிடும். கறுப்பு அல்லது வெள்ளை என்ற தேர்வுக்கு மாற்றிக்கொண்டு, காலியிடத்தை வெட்டி நீக்குங்கள். எடுக்கும்போதே நாற்புறமும் கொஞ்சம் தாராளமாக இடம் விடச் சொல்வது இதற்காகத்தான். அதிகமாக அண்ணாந்து எடுத்த படத்தை முழுவதும் நேராக்கவும் கூடாது. உயர அகல விகிதம் மாறி, கோபுரம் மேலே கனத்துத் தெரியும். சற்றுச் சாய்வை விட்டுவைப்பது கண்ணுக்கு இதம். அல்லது சாலையில் இன்னும் பின்னால் போய் மறுபடி எடுங்கள்.

அடுத்தது ஒளி. நிழல் பகுதியைத் தூக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். மண்டபத்துக்குள் இருட்டு இருப்பது இயல்பு. வெளியே வெயிலும் உள்ளே இருளும் சேர்ந்துதான் மண்டபம். தூணின் வடிவம் தெரியும் அளவுக்குத் தூக்கினால் போதும், தரையில் கிடக்கும் துடைப்பம்வரை தெரிய வேண்டியதில்லை. வானம் வெளுத்திருந்தால் பளிச்சிடும் பகுதிகளை மட்டும் இறக்குங்கள்.

நிறத்தில் கைவைக்கும்போது மிகுந்த நிதானம் வேண்டும். கருங்கல்லுக்கு ஒரே நிறம் கிடையாது. அது காலையில் நீலம் கலந்து, மாலையில் தேன் பூசி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இடத்தில் கறுத்து இருக்கும். 'ஆட்டோ' பொத்தான் இவை எல்லாவற்றையும் ஒரே சாம்பலாக்கிவிடும். கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் ஏற்கெனவே பளீரென்ற வண்ணத்தில் இருப்பவை. அவற்றில் 'சாச்சுரேஷன்' கூட்டினால் பச்சையும் சிவப்பும் வழிந்து முகங்கள் அழிந்துபோகும். ராஜகோபுரம் போன்றவற்றில் நான் அதைக் கூட்டுவதே இல்லை, சில சமயம் குறைக்கிறேன். திருவெறும்பூர்க் கற்சுவரைக் கறுப்பு வெள்ளையில் மாற்றிப் பாருங்கள். நிறம் விலகியதும் நிழலின் கோடுகள் மட்டும் மிஞ்சும். குமுதத்தின் உருட்சியும் பட்டிகையின் விளிம்பும் அப்போது தெளிவாகப் பேசும். ஆனால் வண்ணத்தில் தோற்ற படத்தைக் காப்பாற்றும் வழியாகக் கறுப்பு வெள்ளையை நினைக்க வேண்டாம்.

கூர்மை கூட்டும் 'ஸ்ட்ரக்சர்' கருவியை ஓர் அளவுக்கு மேல் இழுத்தால் கோபுரத்தைச் சுற்றி வானத்தில் வெள்ளை விளிம்பு ஒன்று தோன்றும். அது தோன்றிய இடத்திலிருந்து பாதி பின்னால் வாருங்கள்.

இனி, நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம்: அழிப்பது. மின்கம்பி, கேபிள், பிளெக்ஸ் பேனர், சீரியல் விளக்கு, நிறுத்திவைத்த இருசக்கர வண்டிகள் இவற்றில் எதை நீக்கலாம்? மறுநாள் அங்கே இருக்காது என்று உறுதியாகத் தெரிந்ததை, பறக்கும் காகிதத்தையோ குப்பைக் கவரையோ, நீக்கலாம். கட்டடத்தோடு சேர்ந்து வாழ்வதை நீக்கக் கூடாது. கம்பி குறுக்கே ஓடுகிறதா, நான்கடி நகர்ந்தால் அது தூணுக்குப் பின்னால் மறையுமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் இருக்கட்டும். உடைந்த மூக்கை ஒட்டவைப்பது, பெயர்ந்த காரையைப் பூசுவது, இல்லாத மேகத்தை வைப்பது எதுவும் வேண்டாம். டிரைப்கூட பர்மாவில் எடுத்த படங்களின் நெகட்டிவில் மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். அந்தக் காலத்துத் தாள் நெகட்டிவில் மேகம் பெரும்பாலும் பதியாது, அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது, ஐப்பசியில் போனால் மேகமே வந்து நிற்கும். இன்று நாம் எடுக்கும் படத்தைப் பார்த்து நாளை ஒருவர் எந்தக் கல் எப்போது பெயர்ந்தது என்று கணக்கிடக்கூடும். ஸ்ரீரங்கம் கோயிலில் நடந்த பழுதுபார்ப்புப் பணிக்காக 2017ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. அப்படிப்பட்ட பணிகளுக்கு உதவுபவை பொய் சொல்லாத பழைய படங்கள்தான்.

மூலப்படத்தின் மேல் திருத்திய படத்தைச் சேமிக்காதீர்கள். இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஊர், சுவரின் திசை, மாதம், நேரம் நான்கையும் எழுதுங்கள்: 'திருவெறும்பூர், தெற்குச் சுவர், மார்கழி, காலை 7.30' என்று. அடுத்த முறை ஆனியில் வடக்குச் சுவருக்குப் போகும்போது இந்தப் பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தச் சுவர் இன்னும் பாக்கி என்பது அதிலேயே தெரியும். நான்கு சுவரும் முடிந்தபின் ஸ்ரீரங்கத்துக்குப் பேருந்து ஏறலாம்.